பின்பாதி ஊட்டுக்கு

அந்த அம்மாவின் காரில் ஏறப் போகிறவர்களை அவர் முதலில் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்ப்பார். எடை போடும் பார்வை. என்னை அப்படிப் பார்த்துவிட்டு, "நீ ஏறு, பஞ்சு மாரி கீறே" என்றார். என்னோடு வந்திருந்த எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியையிடம், "நீங்க இன்னொரு நாளைக்கு வாங்கம்மா. இன்னிக்கு வண்டி தாங்காது" என்று சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியை அதற்கப்புறம் அந்த வீட்டு வாசல் வழியாக நடப்பதையே விட்டுவிட்டார்.

பூந்தமல்லியில் அவரைக் கார்க்காரம்மா என்றுதான் சொல்வார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தோல் வியாபாரம் செய்த கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. ஐம்பதை நெருங்கும் வயது, மெலிந்து நெடிய உருவம். வெளியே கிளம்பினால் தலையைச் சுற்றி முழங்கால் வரை வெள்ளைத் துப்பட்டி. அந்தத் துப்பட்டியோடு தானே காரை ஓட்டிக்கொண்டு கடைத்தெருவில் போவார். பார்த்தவர்களில் பாதிப் பேர் வாயைப் பிளந்தார்கள், மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நான் அம்பத்தூர்க்காரி. பூந்தமல்லிப் பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்து வந்தபோது, தனியாக இருக்கும், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண்ணுக்கு யாரும் லேசில் இடம் கொடுக்கவில்லை. அவர்தான் தம் வீட்டின் பக்கத்து அறையைக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"அந்தச் சுவர் பக்கம் அடுப்பு மூட்டாதே, விளக்கு வெக்காதே, ஊதுவத்தி கூட கூடாது. அந்தாண்ட பேட்டரி கீது."

அது பெட்ரோலே வேண்டாத கார். பேட்டரியில் ஓடுவது. அமெரிக்காவில் செய்தது; யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது கார்க்காரம்மாவின் கணவர் வாங்கினாராம். பார்ப்பதற்குக் கண்ணாடி அலமாரியைச் சக்கரத்தில் ஏற்றி வைத்தது போல உயரமாக இருக்கும். வட்டமான ஸ்டீரிங் கிடையாது. படகுத் துடுப்பு மாதிரி ஒரு நீளக் கைப்பிடி, அதைத் தள்ளினால் ஒரு பக்கம், இழுத்தால் மறுபக்கம். ஓடும்போது சத்தமே வராது. மணலில் சக்கரம் நெரியும் ஓசை மட்டும் கேட்கும். முன்னாலும் பின்னாலும் பெட்டி பெட்டியாக ஈய பேட்டரிகள். யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் போட்டதும் ஊரில் இருந்த மற்ற கார்களெல்லாம் கொட்டகையில் முடங்கின. பஸ்கூடக் கரிப்புகையில்தான் இருமிக்கொண்டு ஓடியது. கார்க்காரம்மாவின் பழைய வண்டி மட்டும் தினமும் வெளியே வந்தது.

வண்டிக்கு உயிர் கொடுத்தது பக்கத்து அரிசி மில். அது அவருடைய கணவரின் தம்பிக்குச் சொந்தம். மில்லின் எண்ணெய் எஞ்சினோடு ஒரு டைனமோவைப் பெல்ட் போட்டு இணைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு கம்பி மதில் சுவரைத் தாண்டி இவருடைய கார்க் கொட்டகைக்கு வந்து, வரிசையாகப் பல்புகள் பொருத்திய ஒரு பலகையில் முடியும். பல்புகளின் வழியாகத்தான் கரண்ட் பேட்டரிக்குள் போகும். பேட்டரி காய்ந்து கிடந்தால் பல்புகள் பளீரென்று எரியும். பேட்டரி நிறைய நிறைய அவை மங்கிக்கொண்டே வரும். மில்லில் எஞ்சின் சத்தம் எழுந்ததும் இவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடுவார். கடைத்தெரு வரை போய் வந்திருந்தாலும் சரி, வண்டியை வெளியே எடுக்காமலே இருந்தாலும் சரி, அன்றைக்கு ஏற்ற வேண்டியதை ஏற்றியே ஆகவேண்டும்.

"நேத்துதானே நெறய ஏத்தினீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நேத்து சாப்ட்டேன்னு இன்னிக்கு பட்டினி கெடப்பியா?" என்றார்.

ஒவ்வொரு பேட்டரியின் மூடியையும் திறந்து உள்ளே பார்ப்பார். தண்ணீர் குறைந்திருந்தால் மழைத் தண்ணீர் ஊற்றுவார். அதற்கென்றே மழைக்காலத்தில் நடுமுற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி, கண்ணாடி ஜாடிகளில் பிடித்து வைத்திருப்பார். அந்தத் தண்ணீரை யாரும் தொடக்கூடாது. அவருடைய புடவைகள் எல்லாவற்றிலும் திராவகம் தெறித்துச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. சார்ஜ் ஏறும்போது சுவருக்கு அந்தப்புறம் பேட்டரிகள் களகளவென்று பொங்கும் சத்தம் என் அறைக்குக் கேட்கும். அப்போது கிளம்பும் வாயுவில் ஒரு பொறி விழுந்தாலும் வெடிக்கும் என்று அவர் சொல்லியிருந்ததால் ஆரம்பத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன்.

ஒரு மத்தியானம் நெல் மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரர் ஒருவர் நிழலுக்காகக் கொட்டகை ஓரமாக வந்து நின்று, மடியிலிருந்து பீடியை எடுத்து வாயில் வைத்தார். நெருப்புப் பெட்டியைத் தட்டும் சத்தம்தான் கேட்டது. கார்க்காரம்மா பாய்ந்து வந்து அவர் கையில் ஒரு அடி போட்டார். பெட்டி எகிறிப் போய் வாய்க்காலில் விழுந்தது. வளர்ந்த ஆண்பிள்ளையை ஒரு பெண் எல்லார் எதிரிலும் அடித்தால் என்ன ஆகுமோ என்று நானும் ஓடினேன். அவரோ மூச்சு வாங்கிக்கொண்டே, "உன் பொஞ்சாதி முகத்த நீ மறுபடியும் பார்க்க வேணாமா?" என்றார். வண்டிக்காரர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு மாடுகளிடம் போய்விட்டார்.

அவருக்கு ஒரு வசனம் உண்டு. "முன்பாதி ஊருக்கு, பின்பாதி ஊட்டுக்கு." காரின் முன்னால் ஒரு மீட்டர் இருந்தது. நிறைந்திருந்தால் முள் வலது கோடியில் நிற்கும். போகிற வழியில் அது நடுக்கோட்டைத் தொட்டதென்றால் எந்த இடமானாலும் வண்டி திரும்பிவிடும். மீதி இருப்பது வீட்டுக்கு வந்து சேர்வதற்கு. அதில் ஊராருக்குப் பங்கு கிடையாது.

இதைக் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அனுபவித்தேன்.

திருநின்றவூரில் அவருடைய தங்கை மகளுக்கு நிக்காஹ். என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். முதல் நாள் மழை பெய்து சாலையெல்லாம் சேறு. சக்கரம் புதையப் புதைய முள் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் கண் சாலையை விட்டு முள்ளுக்குப் போய்ப் போய் வந்தது. நானும் முள்ளையே பார்த்தேன். ஆவடி தாண்டி வெகு தூரம் போய்விட்டோம். ஏரிக்கரை தெரிந்தது. அதற்கப்பால் தென்னை மரங்களின் நடுவே வெள்ளைப் பந்தல் தெரிந்தது. பந்தலுக்கு வெளியே நின்ற பெண்கள் காரை அடையாளம் கண்டு கையை ஆட்டினார்கள். அப்போது முள் நடுக்கோட்டைத் தொட்டது.

அவர் கைப்பிடியைத் தள்ளினார். கார் அரைவட்டம் அடித்துத் திரும்பியது.

"அம்மா, இதோ தெரியுதே! எறங்கி நடந்தாக்கூட போயிடலாமே!" என்று நான் கத்திவிட்டேன்.

"வண்டிய யாருகிட்ட வுட்டுட்டுப் போறது? போயி? திரும்பி?"

பின்னால் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன. ஒரு பெண் மட்டும் சாலையில் கொஞ்ச தூரம் எங்கள் பின்னால் ஓடி வந்தாள். அவள்தான் தங்கையாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, கம்பியை மாட்டி, பல்புகள் எரிவதைப் பார்த்த பிறகுதான் அவர் அழுதார். கொட்டகைத் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்கவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அவரு எப்பவும் கடேசி சொட்டு வரைக்கும் ஓட்டுவாரு. சிரிச்சிக்கினே ஓட்டுவாரு. அன்னிக்கு செம்பரம்பாக்கம் ஏரிய பார்க்கணும்னு நான்தான் கேட்டேன். கரை மேல வண்டி நின்னுபோச்சு. மாடு கட்டி இஸ்துகினு போலாம்னு ஆள தேடினு நடந்தாரு. நல்ல வெயிலு. திரும்பி வந்து வண்டியில சாஞ்சாரு. மார புடிச்சிகினாரு. ஒரு ஜட்கா வரல, ஒரு ஆளு வரல. என் மடியிலேயே... வண்டியில அரை மைல் ஓடறதுக்குக் கூட இல்ல, டீச்சரம்மா."

அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. தங்கையும் அவரோடு பேசவில்லை.

மில்காரர், அதாவது கணவரின் தம்பி, நல்ல ஆகிருதி. ஊரில் பெரிய மனிதர். அண்ணன் மனைவி தெருவில் கார் ஓட்டுவது அவருக்கு அவமானமாக இருந்தது. அண்ணன் இருந்தபோது கொடுத்த கரண்டை நிறுத்தினால் ஊர் ஏதாவது சொல்லுமே என்று விட்டு வைத்திருந்தார். அண்ணன் மௌத்தான நாளிலிருந்து அண்ணியோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதைச் சொல்வதானாலும் தம் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் சொல்வார். அந்தப் பெண் சாது. புருஷன் எதிரில் வாய் திறக்காது.

ஒருநாள் காலை மதிலோரம் வந்து நின்று மனைவியிடம் சொன்னார்:

"அந்தம்மாகிட்ட சொல்லு. நாளைக்கு ஆவடிக்குப் போவணும். பட்டாளத்துக்கு அரிசி குடுக்கற விஷயம். நானு, கணக்குப்பிள்ளை, இன்னொருத்தரு. மூணு பேரு."

கார்க்காரம்மா இந்தப் பக்கம் பேட்டரி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மூணு பேரு ஏறினா ஆவடி போயி பட்டாளத்து முகாமெல்லாம் சுத்தறதுக்குள்ள பின்பாதியில கைய வெச்சிடும். ஒருத்தருன்னா இட்டுகினு போறேன்" என்றார்.

"என் கரண்ட்லதான் அது ஓடுதுன்னு சொல்லு."

"இல்லேன்னு யாரு சொன்னா?"

"அப்ப மூணு பேரும் வருவோம்னு சொல்லு."

"பாதிக்குக் கீழே நான் போவ மாட்டேன். யாரு கேட்டாலும்."

அவர் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதையும் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை.

மறுநாள் மில் எஞ்சின் சத்தம் கேட்டதும் கார்க்காரம்மா வழக்கம்போலக் கொட்டகைக்கு ஓடினார். பல்பு ஒன்றும் எரியவில்லை. மில்லில் டைனமோ பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார்கள். எண்ணெய்க்கு ரேஷன், இனிமேல் நெல்லுக்கு மட்டும்தான் எஞ்சின் என்று சொல்லியனுப்பினார் மில்காரர்.

அப்போது வண்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

 பேட்டரி சும்மா கிடந்தாலும் தானாகக் குறையும். தினமும் காலையில் மீட்டரைப் பார்ப்பார். முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன். வண்டியை எடுக்கவில்லை. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தே போய் வந்தார். முன்பு முகம் திருப்பியவர்கள் இப்போது நின்று பார்த்தார்கள். ஊர்க்கோடியில் டூரிங் சினிமாக் கொட்டகை போட்டிருந்தார்கள். அவர்களிடம் ஒரு டைனமோ இருந்தது. போய்க் கேட்டார். கொட்டகைக்காரர் சரியென்றார். பேட்டரிகளைக் கழற்றி ஏற்ற ஒரு கட்டை வண்டியும் பேசியாயிற்று. மறுநாள் கொட்டகைக்காரர், "மன்னிச்சுக்கம்மா, மில்காரரு மனத்தாங்கல் நமக்கு வேணாம்" என்றார்.

முள் நடுக்கோட்டைத் தாண்டி, நாளுக்கு நாள் இடது கோடிப் பக்கம் சாய்ந்தது. அதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இன்னும் எவ்ளோ தூரம் போவும்?" என்று கேட்டேன்.

"நாலு மைலு போனா பெரிசு" என்றார். பிறகு, "வித்துடுன்னு சொல்ல வரியா?" என்றார்.

"இல்லம்மா."

"சொல்லாதே."

அது நடந்தது ஒரு சனிக்கிழமை காலை. பள்ளி இல்லாததால் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதன் தாளம் மாறியது. திணறியது போல ஒரு சத்தம், அதன் மேல் ஒரு மனிதக் குரல். பிறகு எஞ்சின் நின்றுவிட்டது.

மில்காரரின் பழைய எஞ்சின் ஆள் ஆவடி முகாம் வேலைக்குப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவருக்கு வேலை சரியாகப் பிடிபடவில்லை. பெல்ட் வழுக்குகிறதென்று மில்காரரே குங்கிலியம் தேய்க்கப் போயிருக்கிறார், எஞ்சினை நிறுத்தாமல். ஜிப்பாக் கையைப் பெல்ட் பிடித்து இழுத்துவிட்டது. வலது கை முழங்கைக்குக் கீழே நசுங்கித் தொங்கியது.

நாங்கள் போனபோது நெல் உமியின் மேல் மல்லாந்து கிடந்தார். யுத்தத்துக்காக ஆசிரியைகளுக்கெல்லாம் முதலுதவி வகுப்பு எடுத்திருந்தார்கள். அது எனக்கு உதவியது. கார்க்காரம்மா தம் துப்பட்டியை உருவிக் கிழித்துக் கொடுத்தார். முழங்கைக்கு மேல் சுற்றி, ஒரு மரக்கட்டையைச் செருகி முறுக்கினேன். ரத்தம் குறைந்தது; நிற்கவில்லை.

"ஜட்கா! ஜட்கா கூட்டினு வாங்க!" என்று மில்காரர் மனைவி கதறினாள்.

ஜட்கா ஸ்டாண்டுக்கு ஓடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். முகாம் வேலைக்கென்று எல்லா ஜட்காவும் விடியற்காலையிலேயே ஆவடிக்குப் போயிருந்தன. பஸ் பட்டணத்துக்குப் போயிருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடத்தான் முடியும், அறுவை செய்ய டாக்டர் கிடையாது. மாட்டு வண்டியில் போனால் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் உயிரோடு போய்ச் சேர முடியாது என்பது எனக்குத் தெரிந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் ஒருவராக எல்லோரும் கார்க்காரம்மாவைப் பார்த்தார்கள்.

அவர் மில்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். மாட்டேன் என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். தங்கை மகள் கல்யாணத்துக்கே போகாதவர்.

"கிட்டத்துல எது?" என்று என்னைக் கேட்டார்.

"ஆவடியில பட்டாளத்து ஆஸ்பத்திரி. ஆனா ஆறு மைலும்மா. நீங்க நாலுதான்னு..."

"தூக்குங்க" என்றார் மில் ஆட்களிடம்.

கொட்டகையில் காரின் மெத்தைகளைப் பிடுங்கி வெளியே எறிந்தார். மரப்பெட்டி, ஜாடி, மாற்றுச் சக்கரம் எல்லாவற்றையும் எறிந்தார். மில்காரரைப் பின்னால் படுக்க வைத்து, கட்டையைப் பிடித்துக்கொள்ள என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மில்காரர் மனைவி ஏற வந்தாள்.

"நீ வராதே தங்கச்சி."

"அக்கா, உங்க கால்ல வுழறேன்..."

"உன் கனம் அரை மைலு. அந்த அரை மைலு அவனுக்கு வேணும்."

அவள் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். கார்க்காரம்மா முன்னால் ஏறி உட்கார்ந்தார். மடியிலிருந்த கைக்குட்டையை எடுத்து மீட்டரின் மேல் போர்த்தி, ஓரத்தைச் செருகினார். பிறகு கைப்பிடியைப் பிடித்தார்.

சென்னீர்க்குப்பம் வரை வண்டி சாதாரணமாகத்தான் போனது. அப்புறம் வேகம் குறைவது தெரிந்தது. சைக்கிளில் போன ஒருவர் எங்களைக் கடந்து போனார். மில்காரர் தண்ணீர் கேட்டார்; கொடுக்க முடியவில்லை. கட்டையைப் பிடித்திருந்த என் விரல்கள் மரத்துப் போயின. மேடு வரும் இடத்திலெல்லாம் கார்க்காரம்மா உடம்பை முன்னால் சாய்த்தார், அவரே வண்டியை இழுப்பது போல. வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார்.

கூவம் ஆற்றின் தரைப்பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. வண்டி அதில் இறங்கிக் கடந்துவிட்டது. அக்கரை ஏற்றத்தில் வண்டி நின்றது.

அவர் இறங்கினார். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, தலையில் துணி இல்லாமல், இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்: "அம்மா தாயே! ஓடியாங்கம்மா! உயிரு போவுது!"

சேற்றுக் கால்களோடு அவர்கள் வரப்பில் ஓடி வந்தார்கள். யார், என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயோ சாமி!" என்றாள், அவ்வளவுதான். எல்லோருமாகத் தள்ளி ஏற்றத்தின் மேலே சேர்த்தார்கள். கொஞ்ச நேரம் நின்றிருந்ததில் பேட்டரிக்கு எங்கிருந்தோ கொஞ்சம் உயிர் வந்தது. வண்டி நகர்ந்தது, நடக்கிற வேகத்தில். ஏரிக் காற்றுக்கு முகம் கொடுத்துப் பருத்திப்பட்டைத் தாண்டினோம். முள்கம்பி வேலியும் முகாம் வாசலும் தெரிந்தன. அதற்கு இப்பால் ஒரு புளியமரத்தடியில் அது கடைசியாக நின்றது. இந்தத் தடவை அசையவில்லை.

அவர் வாசலை நோக்கி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடும் பெண்ணை நான் பார்த்ததில்லை. காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார். வடநாட்டுக்காரர். இவர் ஹிந்துஸ்தானியில் பேசினார். எனக்கு அதில் ஒரு வார்த்தைதான் புரிந்தது. 'பாய்.' கூடப்பிறந்தவன் என்று சொன்னார். கொழுந்தன் என்று சொல்லவில்லை. சிப்பாய் ரத்தம் தோய்ந்த அவருடைய கைகளைப் பார்த்தார். துப்பாக்கி இறங்கியது. உள்ளே பார்த்து அவர் போட்ட சத்தத்தில் நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள்.

கையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக ஒரு தமிழ் ஆர்டர்லி வந்து சொன்னார்.

நாங்கள் இருவரும் புளியமரத்தடியில் காரின் படியில் உட்கார்ந்திருந்தோம். மீட்டரின் மேல் கைக்குட்டை அப்படியே இருந்தது.

"இத எதுக்கு மூடினீங்க?" என்று கேட்டேன்.

"பார்த்தேன்னா திரும்பிடுவேன்" என்றார்.

முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார்.  எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. மத்தியானத்துக்கு மேல் ஒரு ஜட்கா பூந்தமல்லிப் பக்கம் திரும்பியது. என் புடவைத் தலைப்பைக் கிழித்து அவர் தலைக்குப் போர்த்தி அழைத்துவந்தேன்.

காரை மறுநாள் இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். தெருவே திரண்டு பார்த்தது. கொட்டகைக்குள் அதைத் தள்ளி நிறுத்திவிட்டு அவர் பேட்டரி மூடிகளைத் திறந்து பார்த்தார். உள்ளே தகடுகள் வெளுக்க ஆரம்பித்திருந்தன. அடியோடு காய்ந்த பேட்டரியைப் போட்டு வைத்தால் அப்படியே செத்துவிடும். யுத்த காலத்தில் புதிது கிடைக்காது. அவர் மூடிகளைத் திரும்பப் பொருத்தினார்.  ஆள் வைத்து மில்லில் கேட்கவில்லை. மில் பூட்டியிருந்தது; முதலாளி ஆஸ்பத்திரியில்.

அப்போதுதான் மில்காரர் மனைவி மதிலோரம் வந்தாள். கொட்டகையையும் மாடுகளையும் பார்த்தாள். பிறகு திரும்பிப் போனாள். அவள் அதட்டி உத்தரவு போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இந்தா, எஞ்சின்கார! மில்ல தொற. எஞ்சின ஓட்டு."

"நெல்லு ஒண்ணும் வரலியேம்மா?"

"நெல்ல யாரு கேட்டா? டைனமோ பெல்ட்ட மாட்டு."

"முதலாளி வந்து கேட்டா நான் இன்னாம்மா சொல்லுவேன்?"

"நான்தான் ஓட்டச் சொன்னேன்னு சொல்லு. அவரு உயிரோட வந்து கேக்கட்டும். கேக்கறதுக்கு ஆளு கீதே, அதுக்காக ஓட்டு."

எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கொட்டகையில் பல்புகள் பளீரென்று எரிந்தன. கார்க்காரம்மா அவற்றின் எதிரே நின்றார். பிறகு மழைத் தண்ணீர் ஜாடியை எடுத்துவரப் போனார்.

பாதிப் பேட்டரிகள்தான் பிழைத்தன. அதற்குப் பிறகு வண்டி ஊருக்குள் சுற்ற மட்டும்தான் உதவியது. மில்காரர் வீடு திரும்பினார். டைனமோ ஓடுவதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், உள்ளே போனார். பெல்ட்டை யாரும் கழற்றவில்லை.

ஆறாத காயத்துக்குக் கட்டு மாற்ற அவர் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. ஜட்கா குலுக்கலில் வலி தாங்கவில்லை. காரில்தான் போனார். கார்க்காரம்மா முன்னால், அவர் பின்னால், பக்கத் திரைகளை இழுத்து மூடிக்கொண்டு. போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் இல்லை. இப்படியே பல நாட்கள்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நல்ல கூட்டம், எல்லாம் மில்காரருக்குத் தெரிந்த முகங்கள். உள்ளேயிருந்து வந்த கம்பவுண்டர், "யாரு கூட வந்தீங்க? இந்த மருந்த யாருகிட்ட குடுக்கறது?" என்று கேட்டார். மில்காரர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு இருந்த ஒரு கையால் காரைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க அண்ணி. அவங்ககிட்ட குடுங்க. அவங்கதான் ஓட்டினு வந்தாங்க" என்றார்.

காரின் பக்கத்தில் வந்து நின்று, முதல் தடவையாக நேராக அவர் முகத்தைப் பார்த்து, "அண்ணி, போலாமா?" என்றார்.

கார்க்காரம்மா மருந்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.  உச்சி வெயில். கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரை அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டு, அப்புறம்தான் கதவைத் திறந்தார்.